கல்லாற்று மிளகும் கொழும்புச் சான்றிதழும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கல்லாறு. பெயருக்கேற்ற ஆறு. உருண்டு தேய்ந்த கற்களுக்கு இடையே தண்ணீர் வழி தேடி ஓடுகிறது. இங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருவோர் ஆற்றையும் மீன்முட்டி அருவியையும் கண்டு மகிழ்ந்து, வண்டியை மலைக்குத் திருப்பிவிடுகின்றனர். சாலையோர வீட்டுத் தோட்டங்களில் கமுகின் மீதும் பலாவின் மீதும் ஏறிப் படர்ந்திருக்கும் மிளகுக் கொடிகளை நின்று பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

அந்தக் கொடிகளைப் பற்றி வங்கி இதழில் எழுதுவதற்கு நமக்கு ஒரு காரணம் உண்டு. மலையடிவாரக் குடும்பங்களுக்கு மிளகு ஒரு சேமிப்புக் கணக்கு. டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை பறித்து, வெயிலில் உலர்த்தி, சாக்கில் கட்டி வைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பள்ளிக் கட்டணம் வரும்போது ஒரு பகுதி, திருமணம் வரும்போது மறுபகுதி எனத் தேவைக்கேற்ப விற்கலாம். மூன்று கிலோ பச்சை மிளகு உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கருமிளகு தேறும். நூறு கிலோ கருமிளகு கைவசமுள்ள குடும்பம், நூறு கிலோவுக்கான வைப்புத் தொகையைப் பரணில் வைத்திருக்கிறது என்றே கொள்ளலாம்.

வட்டி விகிதம்தான் அதன் கையில் இல்லை. 2016-இல் கொச்சிச் சந்தையில் கிலோ 700 ரூபாயை ஒட்டி விற்ற மிளகு, 2018-இல் 400 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. நூறு கிலோ வைத்திருந்த குடும்பத்துக்கு முப்பதாயிரம் ரூபாய் இழப்பு. அந்த ஆண்டுகளில் கல்லாற்றில் மழை பொய்க்கவில்லை என்றாலும் அந்த இழப்பு நேர்ந்தேயிருக்கும். அதன் காரணங்களுள் ஒன்று, கடலுக்கு அப்பால் கொழும்பில் எழுதப்பட்ட ஒரு தாளில் இருந்தது.

உலகில் மிக அதிகமாக மிளகு விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு இன்று வியட்நாம். அங்கு விளைச்சல் பெருகியதால் 2016-க்குப் பின் உலகச் சந்தையில் விலை சரிந்தது. ஆனால் இந்தியா மிளகு இறக்குமதிக்கு 70 விழுக்காடு அடிப்படைச் சுங்க வரி விதிக்கும் நாடு. ஆசியான் நாடுகளுடனான ஒப்பந்தத்தின்படி வியட்நாம் மிளகுக்கு அது படிப்படியாகக் குறைக்கப்பட்ட பின்னரும், அக்காலத்தில் 50 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவே இருந்தது. இவ்வளவு உயர்ந்த மதிலைத் தாண்டி அந்த மிளகு எப்படி வந்தது?

மதிலில் ஒரு வாசல் இருந்தது. இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28 அன்று கையொப்பமிட்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்கீழ் ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியின்றி வரலாம். அதற்கு மேற்பட்டது, தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் 8 விழுக்காடு வரியுடன் வரலாம். இச்சலுகைக்கு உரியது இலங்கையில் விளைந்த மிளகு மட்டுமே. அதை மெய்ப்பிக்கும் தாள்தான் தோற்றச் சான்றிதழ். இலங்கை வர்த்தகத் திணைக்களம் அதனை வழங்குகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். விளக்கத்துக்காக, கப்பலில் வந்திறங்கும் மிளகின் விலை கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மற்ற வரிகளையும் கூடுதல் கட்டணங்களையும் ஒதுக்கிவிடுவோம். வியட்நாம் மிளகு என்று உண்மையைச் சொன்னால், 50 விழுக்காடு வரியோடு 450 ரூபாய். இலங்கை மிளகு என்று சான்றிதழ் காட்டினால், 8 விழுக்காடு வரியோடு 324 ரூபாய். கிலோவுக்கு 126 ரூபாய் வேறுபாடு. 14 டன் ஏற்றிய ஒரு கொள்கலனுக்கு இது 17 லட்சத்து 64 ஆயிரம் ரூபாய். ஒரு சொல்லை மாற்றி எழுதுவதற்கு இவ்வளவு கூலி கிடைக்குமானால், எழுதுவதற்கு ஆள் கிடைப்பது அரிதன்று. வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கை மிளகாக மறுபிறவி எடுத்து இந்தியாவுக்குள் வருகிறது என்று கேரளத்திலும் கர்நாடகத்திலும் விவசாயிகள் அமைப்புகள் தொடர்ந்து முறையிட்டன.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. ஒரு கொள்கலன் கொழும்புத் துறைமுகம் வழியாக வருவதில் தவறேதும் இல்லை. உலகக் கப்பல் போக்குவரத்தில் ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்குப் பெட்டியை மாற்றுவது அன்றாட நிகழ்ச்சி. தொடக்கத் துறைமுகம் குறிக்கப்பட்ட அதே கப்பல் சரக்குச் சீட்டுடன் வரும்வரை, வியட்நாம் மிளகு வியட்நாம் மிளகுதான். பெட்டியை இறக்கி, சாக்கை மாற்றி, புதிய விலைப்பட்டியல் எழுதும் இடத்தில்தான் மோசடி தொடங்குகிறது. பொடியாக்கினாலும் பயனில்லை. உலகச் சுங்க வகைப்பாட்டில் முழு மிளகும் பொடித்த மிளகும் 0904 என்ற ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. தலைப்பு மாறாவிடில் அரைப்பதனால் மட்டும் ஊர் மாறாது.

ஆறு சென்று சேரும் ஊர்

மிளகும் சுங்கமும் கல்லாற்றுக்குப் புதியவை அல்ல. இந்த ஆறு வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதி. அந்த ஆறோ ஆற்றிங்கலைக் கடந்து அஞ்சுதெங்கு காயலில் சேர்கிறது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியார் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆற்றிங்கல் ராணியின் அனுமதியோடு கோட்டை கட்டிய அஞ்சுதெங்குதான் அது. அவர்கள் அங்கு வந்ததும் மிளகுக்காகவே. 1721 ஏப்ரலில், ராணிக்குப் பரிசுப் பொருள்களோடு ஆற்றிங்கல் சென்ற ஆங்கிலேயர் குழு அங்கு வெட்டி வீழ்த்தப்பட்டது. அந்தக் கிளர்ச்சிக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. மிளகு வாணிகத்தில் கும்பினி அதிகாரிகள் நடத்திய முறைகேடுகள் அவற்றுள் முதன்மையானவை.

பின்னர் மார்த்தாண்ட வர்மா மிளகு வாணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். விளைவிப்பவர் அரசுக்கே விற்க வேண்டும். அரசு பண்டகசாலையில் சேர்த்து வெளியாருக்கு விற்கும். திருவிதாங்கூரின் கருவூலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இதனால் நிறைந்தது. விவசாயிக்குக் கிடைத்தது அரசு நிர்ணயித்த விலை மட்டுமே. தனியுரிமை இருக்கும் இடத்தில் கள்ளக் கடத்தலும் இருக்கும் என்பதால் காட்டுப் பாதைகளுக்கெல்லாம் காவல் வேண்டியிருந்தது. திவான் மாதவ ராவ் காலத்தில், 1860 வாக்கில், இந்தத் தனியுரிமை நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாக ஏற்றுமதி வரி வந்தது.

அதைவிட நம் கட்டுரைக்கு நெருக்கமான செய்தி 1865-ஆம் ஆண்டினது. பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்று அரசுகளும் அவ்வாண்டில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இன்டர்போர்ட்டல் உடன்படிக்கை என்பது அதன் பெயர். அதுவரை திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழி வழியே வரும் வண்டி ஓர் அரசின் எல்லையைக் கடந்து மற்றோர் அரசின் எல்லைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. எல்லைதோறும் சௌக்கை, சௌக்கைதோறும் சுங்கம். உடன்படிக்கைக்குப் பின், சில சரக்குகள் நீங்கலாக, மூன்று அரசுகளின் நிலப்பரப்பினுள்ளும் பொருள்கள் வரியின்றிச் சென்று வந்தன. வெளிநாட்டுச் சரக்குக்குத் துறைமுகத்தில் ஒரே வீதத்தில் வரி. ஒரு துறையில் கட்டியதை மற்ற அரசும் ஏற்றுக்கொள்ளும். வருவாய் இழந்த சமஸ்தானங்களுக்கு ஈட்டுத்தொகை. இன்றைய மொழியில் இதனைச் சுங்க ஒத்துழைப்பு என்றும் வர்த்தக எளிமையாக்கம் என்றும் சொல்வார்கள். ஒரு சுங்கச் சாவடி மற்றொன்றின் முத்திரையை நம்பத் தொடங்கியதே இதன் சாரம். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், கொழும்பு முத்திரையைக் கொச்சி நம்பலாமா என்ற கேள்வி எழுந்தது.

மதில் உயர்ந்தபோது

முதலில் அரசு மதிலை உயர்த்திப் பார்த்தது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் 2017 டிசம்பர் 6 அன்று, இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தது. 2018 மார்ச்சில் இது மேலும் இறுகி, அதற்குக் கீழான விலையில் மிளகு இறக்குமதி செய்வதே தடை என்றாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் இலங்கை அரசும், மிளகு போன்ற பொருள்களை வெளியிலிருந்து கொண்டுவந்து மறு ஏற்றுமதி செய்வதற்குத் தடை விதித்தது. ஆக, இரு கரைகளிலும் சிக்கல் இருப்பதை இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன.

இந்த மதிலைப் பற்றி நம் கருத்தைச் சொல்லியாக வேண்டும். அவசரத்துக்கு அது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் குறைந்தபட்ச விலை என்பது கண்ணில்லாத கருவி. மாத்தளையிலோ கண்டியிலோ தன் தோட்டத்தில் விளைந்த மிளகை நேர்மையாக அனுப்ப விரும்பும் சிறு விவசாயியையும் அது அதே கோலால் அடிக்கிறது. இலங்கை மிளகு பைப்பரின் மிகுந்தது, காரத்துக்குப் பெயர்பெற்றது. அயலார் மிளகு அதன் பெயரில் வந்ததால் முதலில் கெட்டது அதன் பெயர், பிறகு அதன் வழி. கல்லாற்றுக் குடும்பத்துக்கு நேர்ந்ததற்குச் சற்றும் குறையாத இழப்பு மாத்தளைக் குடும்பத்துக்கும் நேர்ந்தது.

இரண்டாவது குறை வங்கிகளோடு நேரடித் தொடர்புடையது. கிலோ 300 ரூபாய் மிளகைக் கிலோ 500 ரூபாய் என்று விலைப்பட்டியலில் எழுதிவிட்டால் மதில் தாண்டப்பட்டுவிடும். அவ்வாறு நடக்கிறது என்று வணிகர் அமைப்புகளே குற்றம்சாட்டின. மிகை விலை காட்டினால், கிலோவுக்கு 200 ரூபாய் வீதம் கூடுதல் அந்நியச் செலாவணி, முறையான வங்கி வழியாகவே நாட்டைவிட்டு வெளியேறுகிறது. மிளகு உள்ளே வந்ததோடு கருப்புப் பணம் வெளியே செல்லவும் ஒரு வழி பிறக்கிறது. இறக்குமதிக்கென வெளியே அனுப்பும் ஒவ்வொரு தொகையும், பில் ஆஃப் என்ட்ரி எனப்படும் சுங்க நுழைவுப் பட்டியலோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் கண்காணிப்பு முறையை ரிசர்வ் வங்கி 2016-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஐ.டி.பி.எம்.எஸ். என்று வங்கிக் கிளைகளில் வழங்கும் பெயர் அதனுடையதே. முன்பணம் அனுப்பிவிட்டு நுழைவுப் பட்டியல் தராத வாடிக்கையாளரைக் கிளை மேலாளர் மீண்டும் மீண்டும் அழைப்பது இதனால்தான். பட்டியலும் பணமும் பொருந்தினால் மட்டும் போதாது, விலை நியாயமானதா என்பதையும் வங்கி கேட்கும். அந்தக் கேள்வியைத் தொல்லையாக எண்ண வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவதாக, மிளகு இறக்குமதி செய்வோர் எல்லோரும் கொல்லைப்புற வழி தேடுபவர்கள் அல்லர். கேரளத்தில் மிளகிலிருந்து ஒலியோரெசின் என்னும் சாற்றை வடித்து உலகெங்கும் அனுப்பும் பெரிய தொழில் இருக்கிறது. வெளிநாட்டு மிளகு அதற்கு மூலப்பொருள். உள்ளே வந்து மதிப்புக் கூடி வெளியே போய்விடுகிறது. ஏற்றுமதிக்கென இறக்குமதி செய்யும் இத்தகையோருக்குப் பின்னர் அந்த விலை எல்லையிலிருந்து விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று.

கேள்வி கேட்கும் உரிமை

மதிலைவிட நுட்பமான கருவி கேள்வி. 2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. அதனை ஒட்டி வந்த தோற்ற விதிகள் நிர்வாக நெறிமுறை 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. வணிகர்கள் அதனைச் சுருக்கமாகக் கரோட்டார் என்பர். அதற்கு முன், சான்றிதழை நீட்டினால் பெரும்பாலும் கதவு திறந்துவிடும். அதில் உள்ளது உண்மையா என்பது சான்றிதழ் கொடுத்தவர் பொறுப்பு. இப்போது, சலுகை வரி கேட்கும் இறக்குமதியாளரே, அந்தப் பொருள் எங்கே, எவ்வாறு உருவானது என்ற விவரங்களைத் தம் கையில் வைத்திருக்க வேண்டும். மிளகு என்றால் முழுவதும் அந்நாட்டு மண்ணில் விளைந்ததா என்பதே கேள்வி. 2025 மார்ச்சில், சான்றிதழ் என்ற சொல்லே 'தோற்றச் சான்று' என்று விரிவாக்கப்பட்டது. ஏற்றுமதியாளர் தாமே அளிக்கும் உறுதிமொழியும் சில ஒப்பந்தங்களில் செல்லுபடியாவதால் இந்த மாற்றம்.

சுங்க அதிகாரிக்கு ஐயம் எழுந்தால் நடப்பது இது. முதலில் இறக்குமதியாளரிடம் விவரம் கேட்பார். பத்து வேலை நாள்களுக்குள் தர வேண்டும். மனநிறைவு ஏற்படவில்லையெனில் கேள்வி கடல் கடந்து செல்லும். சான்றிதழ் வழங்கிய நாட்டின் அதிகாரிகளிடம், இது நீங்கள் கொடுத்ததுதானா, கொடுத்தபோது எதைப் பார்த்துக் கொடுத்தீர்கள் என்று கேட்கப்படும். ஒப்பந்தத்தில் காலக்கெடு குறிக்கப்படாவிடில் அறுபது நாள்களுக்குள் விடை வர வேண்டும். அந்த ஏற்றுமதியாளர் யாரிடம் மிளகு வாங்கினார், அதே மாதத்தில் அவர் வெளிநாட்டிலிருந்து மிளகு இறக்கினாரா என்பன போன்றவற்றை அந்நாட்டுச் சுங்கப் பதிவேடுகள்தாம் சொல்ல முடியும். கொச்சியில் அமர்ந்து மிளகை மோந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. கலந்துவிட்ட மிளகில் ஊர்ப்பெயர் ஒட்டியிருப்பதில்லை.

சுங்க ஒத்துழைப்பு என்ற சொல்லுக்கு இங்கேதான் பொருள் கிடைக்கிறது. இந்தியப் பிரதமர் 2015 மார்ச்சில் கொழும்பு சென்றபோது கையொப்பமான உடன்படிக்கைகளுள் ஒன்று, சுங்க விவகாரங்களில் இரு நாடுகளும் பரஸ்பரம் உதவிக்கொள்வது பற்றியது. விசா விலக்கு போன்ற செய்திகளுக்கு இடையே நாளேடுகள் அதனை ஓரிரு வரிகளில் முடித்துக்கொண்டன. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்கு முந்தைய ஆண்டே அதனை ஏற்றுக்கொண்டிருந்தது. எளிமையாக்கம் என்று பெயர் கொண்ட அந்த ஒப்பந்தத்திலும், 12ஆம் பிரிவு முழுவதும் ஒரு நாட்டின் சுங்கத் துறை மற்றொன்றிடம் விவரம் கேட்டுப் பெறும் முறையைப் பற்றியதே. கதவை விரைந்து திறப்பதற்கும் கேள்வி கேட்பதற்கும் இடையே முரண்பாடு இருப்பதாகத் தோன்றலாம். கேள்விக்கு விடை கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தான் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்க்காமல் விட முடியும் என்பதை ஒப்பந்தம் எழுதியவர்கள் அறிந்திருந்தனர்.

விடை வரும்வரை சரக்கு என்னாகும்? சலுகை வரிக்கும் முழு வரிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஈடு கொடுத்தால் சரக்கைத் தற்காலிகமாக விடுவித்துக்கொள்ளலாம். நாம் மேலே எடுத்துக்கொண்ட விலையில், 70 விழுக்காடு முழு வரியோடு ஒப்பிட்டால், ஒரு கொள்கலனுக்கு 26 லட்சத்து 4 ஆயிரம் ரூபாய். பெரும்பாலும் இது வங்கி உத்தரவாதமாகவே அமையும். உத்தரவாதத்துக்கு விளிம்புத் தொகை, தரகு, கடன் வரம்பில் ஒரு பகுதி முடக்கம் ஆகியவை உண்டு. நேர்மையான வணிகருக்கு இது சில மாதச் சுமை. மற்றவருக்கு அது திரும்பி வராத பணம்.

விரைவு வழி யாருக்கு

நாள்தோறும் துறைமுகத்துக்கு வரும் பெட்டிகளை எல்லாம் திறந்து பார்ப்பதென்றால் வணிகமே நின்றுவிடும். ஆகவே இந்தியச் சுங்கத் துறை 2005 முதல், ஆபத்துக்குறிகளைக் கணினி கொண்டு எடைபோட்டு, ஐயத்துக்குரியவற்றை மட்டும் தடுத்துப் பார்க்கிறது. அதே 2005-இல் உலகச் சுங்க அமைப்பு, வழங்கல் சங்கிலியின் பாதுகாப்புக்கும் எளிமைக்குமான 'சேஃப்' என்னும் தரக் கட்டமைப்பை ஏற்றுக்கொண்டது. சுங்கத் துறைகள் ஒன்றோடொன்று ஒத்துழைப்பது அதன் ஒரு தூண். நம்பத்தக்க வணிகரை முன்கூட்டியே அறிந்து அங்கீகரிப்பது மற்றொன்று.

இந்தியாவில் அந்த அங்கீகாரத்தின் பெயர் ஏ.இ.ஓ. 2011-இல் சோதனை முறையில் தொடங்கி, 2016-இல் புதுவடிவம் பெற்றது. இறக்குமதியாளருக்கும் ஏற்றுமதியாளருக்கும் டி1, டி2, டி3 என மூன்று படிகள். கணக்கு ஒழுங்கு, வரி நேர்மை, நிதி வலிமை ஆகியவை முதற்படிக்கு; கிடங்கின் பாதுகாப்பு, பணியாளர், பெட்டியின் முத்திரை போன்றவை மேற்படிகளுக்கு. ஏறிவிட்டவருக்குத் திறந்து பார்க்கும் சோதனை குறையும், வங்கி உத்தரவாதத் தொகை குறையும், இரண்டாம் படி முதல் வரியைப் பின்னர் செலுத்தலாம். அமெரிக்கா, தென் கொரியா, ஹாங்காங், தைவான், ஆஸ்திரேலியா ஆகியவற்றின் சுங்கத் துறைகளோடு பரஸ்பர அங்கீகார ஒப்பந்தங்கள் உள்ளன. இங்கே நம்பப்படுபவரை அங்கேயும் நம்புவது என்பதே அவற்றின் பொருள். 1865-இன் அந்தப் பழைய ஏற்பாட்டை நினைத்துக்கொள்ளலாம்.

பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது இது என்ற எண்ணம் நம் வாடிக்கையாளர் பலரிடம் இருக்கிறது. 2020 டிசம்பரில் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு விதிகள் தளர்த்தப்பட்டன. ஆண்டுக்கு 25 சுங்க ஆவணங்கள் என்றிருந்த தேவை அவர்களுக்குப் பத்தாகக் குறைந்தது. மூன்றாண்டு வணிக அனுபவம் இரண்டாண்டாகக் குறைந்தது. மாதம் ஒரு கொள்கலன் ஏலக்காயோ மிளகோ அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர்கூட இன்று விண்ணப்பிக்கலாம். உத்தரவாதச் சுமை குறைந்தால், முடங்கிக் கிடக்கும் கடன் வரம்பு நடப்பு மூலதனத்துக்குத் திரும்புகிறது. வட்டிக் கணக்கு பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மலையடிவாரத்திலிருந்து துறைமுகத்துக்கு

கல்லாற்றிலிருந்து ஆற்றின் போக்கில் போகாமல் சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், திருவனந்தபுரம் நகரைத் தாண்டி விழிஞ்ஞம் வரும். 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ என்ற முதல் பெருங்கப்பல் அங்கு வந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கப்பலுக்குக் கப்பல் பெட்டி மாற்றும் பணிக்கு இந்தியச் சரக்கில் பெரும்பகுதி கொழும்பையும் சிங்கப்பூரையும் நம்பியிருந்த நிலையை மாற்றுவதே இதன் நோக்கம். இத்தகைய துறைமுகத்தில் பெட்டிகள் திறக்கப்படுவதில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சரக்குப் பட்டியல்தான் சொல்கிறது.

அந்தப் பட்டியலின் அருமை அதே மே மாதத்திலேயே தெரிந்துவிட்டது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மே 25 அன்று கடலில் மூழ்கியது. அதில் 640 கொள்கலன்கள். அவற்றுள் 13-இல் ஆபத்தான சரக்கு. அந்தப் பதின்மூன்றில் பன்னிரண்டு கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் எரிவாயு கக்கும் பொருள் அது. கரை ஒதுங்கும் பெட்டியை அணுகலாமா, விலகி நிற்பதா என்று கடற்கரை மக்களுக்குச் சொல்வதற்குப் பட்டியலைத் தவிர வேறு வழியில்லை. பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கடற்கரை வரை ஒதுங்கின. பொய்யாக எழுதப்பட்ட பட்டியல் வரி இழப்போடு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் அந்த வாரத்தை எண்ணிப் பார்க்கலாம்.

நம் வாடிக்கையாளர்களுள் மிளகு, ஏலம், கமுகு வணிகம் செய்வோர் பலர் உள்ளனர். சலுகை வரியில் இறக்குமதி செய்ய எண்ணுவோர், கடன் உறுதிக் கடிதம் திறக்கும் முன்பே தோற்ற விவரங்களை விற்பவரிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. கடன் உறுதிக் கடிதத்தில் தோற்றச் சான்றை ஆவணமாகக் கேட்கலாம். ஆனால் வங்கி அந்தத் தாள் ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும், மிளகு எந்த மண்ணில் விளைந்தது என்பதற்கு அது பொறுப்பேற்காது. தாள் சரியாக இருந்து பணமும் சென்றுவிட்ட பின், சுங்கத் துறை சலுகையை மறுத்தால் முழு வரியும் இறக்குமதியாளர் தலையில்தான். விலை சந்தை நிலவரத்திலிருந்து வெகுவாக விலகியிருந்தால், கிளையில் காரணம் சொல்ல அணியமாக இருக்கவும். சுங்க முகவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது வழக்கம். ஆனால் சட்டம் கேட்பது முகவரை அல்ல, இறக்குமதியாளரை.

தோற்ற விவரங்களை நுழைவுப் பட்டியல் தாக்கல் செய்த நாளிலிருந்து ஐந்தாண்டுகள் பாதுகாக்க வேண்டும். கல்லாற்றில் 2026 ஜனவரியில் உலர்ந்த மிளகு பரணில் இருக்கும் காலத்தைவிட, அதே மாதம் கொச்சியில் இறங்கிய மிளகின் தாள்கள் அலுவலக அலமாரியில் நீண்ட காலம், 2031 ஜனவரி வரை, இருக்க வேண்டியிருக்கும்.